இருநூற்றுப் பன்னிரண்டாவது புறப்பாடு

அத்தை: ...எழுதிக்கோ. மொத்தம் இருநூத்திப் பதினொரு புறப்பாடு.

மருமகள்: இருநூத்திப் பத்து அத்தை. மாட்டுக்காகப் போனது கணக்குல வராது.

அத்தை: ஏன் வராது? படகு தண்ணியில இறங்கிச்சா, இல்லையா?

மருமகள்: இறங்கிச்சு.

அத்தை: அப்போ புறப்பாடுதான். அந்த மாட்டைப் பிடிச்சு இழுத்ததுலதான் என் தோள்பட்டை போச்சு. படகு ஓட்டிட்டு இருந்தவ இப்போ ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருக்கேன். கணக்குல வராதாம்.

மருமகள்: சரி, பதினொண்ணு. காப்பாத்தினது நூத்தி முப்பத்திநாலு பேர்...

அத்தை: ஒரு மாடு.

மருமகள்: ...ஒரு மாடு. தலைமை அலுவலகத்துல படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க.

அத்தை: சிரிக்கட்டும். பதினாலு வருஷம் உழைச்ச ரப்பர் மீட்புப் படகு. புதன்கிழமை புதுசு வந்ததும் இதை லாரியில ஏத்திடுவாங்க. இந்த ரகத்துல அறுபது செஞ்சாங்க, இன்னிக்கு மிச்சம் ஒன்பது. அதோட கதையை ஒழுங்கா எழுதிக் கொடுக்கலேன்னா பழைய ரப்பர்னு கிழிச்சுப் போட்டுடுவாங்க.

மருமகள்: ஒழுங்கா எழுதிக் கொடுத்தா?

அத்தை: ஆத்தோரமா ஒரு நிலையத்துல படகே இல்லையாம். கேட்டுட்டே இருக்காங்க. இந்தப் புறப்பாட்டுப் புஸ்தகம் சுத்தமா இருந்தா அங்க அனுப்பறோம்னு தலைமை அலுவலகத்துல சொல்லியிருக்காங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்.

மருமகள்: ஓடும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் நம்ம கைதானே. முதல் பக்கத்துல படம் ஒட்டணும்னு இருக்கே அத்தை. கடல்ல இருந்து பார்த்தா நம்ம படகுக் கொட்டகை தெரியற மாதிரி.

அத்தை: அது வந்துடும்.

மருமகள்: எப்படி வந்துடும்?

அத்தை: பொதுவாச் சொன்னேன். வராமயா போயிடும்?

மருமகள்: ...ஆமா. எனக்கும் வந்துடும்னுதான் தோணுது.

அத்தை: உனக்கு எப்படித் தோணுது?

மருமகள்: நானும் பொதுவாத்தான். ...உங்க பையன் எழுந்தாச்சா?

அத்தை: அவனா? தூங்கறான். லீவு நாள்ல என்னிக்கு ஒன்பது மணிக்கு முன்னாடி எழுந்திருக்கான்? நான் கிளம்பறப்போ வாசல் வரைக்கும் குறட்டை.

மருமகள்: குறட்டை... ஆமா ஆமா. நான்கூட போர்வையை இழுத்து மூடிட்டுத்தான் வந்தேன்.

அத்தை: அப்படியா?

மருமகள்: ஆமாம் அத்தை.

அத்தை: நல்லது. தூங்கட்டும்.

பேக்கரிக்காரர்: அக்கா, பன் கொண்டாந்திருக்கேன். சூடா இருக்கு. வழியெல்லாம் ஒரே பனி, ரெண்டு தடவை விளக்குக் கம்பத்துல முட்டிக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை எங்க?

அத்தை: தூங்கறான்.

மருமகள்: தூங்கறார்.

பேக்கரிக்காரர்: ...தூங்கறாரா?

மருமகள்: ஏன் அண்ணே?

பேக்கரிக்காரர்: இல்ல, தூங்கட்டும். மனுஷனுக்குத் தூக்கம் வேணும். ...என்ன எழுதறீங்க, படகோட ஜாதகமா?

அத்தை: அப்படித்தான் வெச்சுக்கோ. படிச்சுப் பாரு. படகுக் குழுவுல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு, இந்தப் புஸ்தகத்தைத் தொட்டிருக்கியா நீ?

பேக்கரிக்காரர்: தொட்டிருக்கேன், வெண்ணெய்க் கறை ஆனதுக்குத் திட்டு வாங்கியிருக்கேன். எனக்கு ஒரு சந்தேகம்க்கா. எல்லாப் பக்கத்துலயும் கடைசியில ஒரு கட்டம். மீட்கப்பட்டவர் குழுவினருக்கு உறவா, இல்லையா. இருநூறு பக்கமும் இல்லை, இல்லைன்னே இருக்கு. எதுக்கு அதை அச்சடிக்கணும்?

அத்தை: அந்தக் கட்டத்துக்கும், படகு ஓட்டறவ முழங்கால்ல மாட்டிக்கற சிவப்புக் கயிறுக்கும் ஒரே பிறந்த நாள். தெரியுமா?

பேக்கரிக்காரர்: தெரியாது.

அத்தை: இதே ரகப் படகு, வேற நிலையம். ஓட்டறவரோட தம்பி கடல்ல மாட்டிக்கிட்டான். அண்ணன் வெறி பிடிச்ச மாதிரி ஓட்டிட்டுப் போயிருக்கார். அலையில தூக்கி அடிச்சு, அவரே விழுந்துட்டார். ஆள் இல்லாம எஞ்சின் ஓடுது. படகு வட்டம் போட்டு அவர் மேலயே வந்துச்சு.

பேக்கரிக்காரர்: அய்யய்யோ.

அத்தை: தம்பி பிழைச்சான். அண்ணனுக்கு ஒரு கால் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அவரே எழுதிக் கொடுத்தார். என் தம்பிங்கறதால எனக்குக் கண்ணு தெரியல, வேகம் தெரியல, அலை தெரியலன்னு. அதுக்கப்புறம்தான் அறுபது படகுக்கும் கயிறு வந்துச்சு. ஆள் விழுந்தா கயிறு பிடுங்கி எஞ்சின் நின்னுடும்.

மருமகள்: விதியும் வந்துச்சு. தேடப் போற ஆள் நம்ம சொந்தம்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லணும். படகுல இருக்கறவ இறங்கணும், ரேடியோவுல இருக்கறவ எழுந்திருக்கணும். தெரிஞ்சே மறைச்சா ஆறு மாசம் படகும் கிடையாது, ரேடியோவும் கிடையாது.

பேக்கரிக்காரர்: இறங்கிட்டா ஓட்டறதுக்கு வேற ஆள் வேணுமே.

மருமகள்: பல் டாக்டர் இருக்காரே. என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் லைசென்ஸ்.

பேக்கரிக்காரர்: அவர் வெளியூர் போயிருக்கார். நாளைக்குத்தான் வர்றார்.

மருமகள்: அப்போ படகு கிளம்பாது. அடுத்த ஊர்ப் பெரிய படகு வரணும்.

அத்தை: வரும், ஒரு மணி நேரம் கழிச்சு. வந்தாலும் முனைப் பாறைக்குள்ள நுழையாது. முழங்கால் தண்ணியில போற வண்டி இது ஒண்ணுதான். ...இருங்க, போன்.

பேக்கரிக்காரர்: பன் ஆறிடும்மா, எடுத்துக்கோ.

அத்தை: மீட்பு நிலையம். சொல்லுங்க... முனைப் பாறைக்கு இந்தப் பக்கமா? ...துடுப்புப் படகு. கவிழ்ந்து கிடக்கு. ஆள்? ...ஆளைப் பார்க்கல. என்ன நிறம்னு சொன்னீங்க? ...நீலமா. ...சரி. எத்தனை நிமிஷம் ஆச்சு? ...சரிங்க. நீங்க அந்த இடத்தை விட்டு நகராதீங்க.

மருமகள்: எங்க அத்தை?

அத்தை: முனைப் பாறைப் பக்கம். சின்னத் துடுப்புப் படகு. ஒரு ஆளாத்தான் இருக்கும்.

மருமகள்: யாராம்?

அத்தை: தெரியல.

மருமகள்: சரி.

அத்தை: உனக்கு ஏதாவது...

மருமகள்: எனக்கென்ன? உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?

அத்தை: எனக்கென்ன இருக்கு சொல்ல?

பேக்கரிக்காரர்: பல் டாக்டருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா...

மருமகள்: அவர்தான் ஊர்ல இல்லையே. எதுக்கு?

பேக்கரிக்காரர்: சும்மாத்தான்மா.

மருமகள்: சும்மா நிக்காம ஜாக்கெட்டை மாட்டுங்க அண்ணே.

அத்தை: கிளம்புங்க. தண்ணி சில்லுனு இருக்கு, உடம்பு ரொம்ப நேரம் தாங்காது.

...

அத்தை: பதினாறாம் நம்பர் படகு, கரை பேசறேன். கேட்குதா?

மருமகள்: கேட்குது.

அத்தை: சிவப்புக் கயிறு?

மருமகள்: மாட்டியாச்சு.

அத்தை: தொட்டுப் பார்த்துச் சொல்லு.

மருமகள்: தொட்டுப் பார்த்தாச்சு அத்தை.

அத்தை: ரேடியோவுல அத்தை கிடையாது.

மருமகள்: சரி, கரை.

பேக்கரிக்காரர்: பனின்னா பனி. நான் முன்னாடி உட்கார்ந்திருக்கேன், படகோட மூக்கு எனக்குத் தெரியல.

அத்தை: எஞ்சின் சத்தம் இங்க வரைக்கும் கேட்குது. என்ன வேகம் போறே நீ?

மருமகள்: எப்பவும் போற வேகம்தான்.

அத்தை: தம்பி, எப்பவும் போற வேகமா?

பேக்கரிக்காரர்: ...கடைவாய்ப் பல்லு ஆடுதுக்கா.

அத்தை: குறைச்சுக்கோ. சொன்னாக் கேளு. கிளம்பினது ரெண்டு பேர். திரும்பி வர்றப்போ நான் எண்ணணும்.

மருமகள்: குறைச்சாச்சு.

அத்தை: பெரிய படகுக்குச் சொல்லிட்டேன். ஐம்பது நிமிஷம்னான். ஆம்புலன்ஸ் படகுத்துறைக்கு வருது.

மருமகள்: சரி. ...அண்ணே, வலது பக்கம். அதோ மிதக்குது பாருங்க.

பேக்கரிக்காரர்: எங்க... ஆமா. பிடிச்சுட்டேன்.

மருமகள்: கரை, துடுப்புப் படகு கிடைச்சாச்சு. நீலம். அடியில மஞ்சள் டேப் ஒட்டியிருக்கு. ஆள் இல்ல.

மருமகள்: கரை, கேட்குதா?

அத்தை: கேட்குது. டேப்புன்னா... எத்தனை இடத்துல?

மருமகள்: மூணு இடத்துல.

அத்தை: ...சரி. எழுதிக்கிட்டேன்.

மருமகள்: தண்ணி வெளிய இழுக்குது. கணக்குப் பார்த்தா ஆளும் கடல் பக்கம்தான் போயிருக்கணும்.

அத்தை: இல்ல. உள்ள போ. பாறைப் பக்கம் தேடு.

மருமகள்: கணக்குப்படி...

அத்தை: கணக்கு கிடக்கட்டும். அவன் வெளிய நீந்த மாட்டான். ஆழம்னா அவனுக்கு உசிரே போயிடும். கால் எட்டற இடமாப் பார்த்துத்தான் போவான்.

அத்தை: எல்லாருமே அப்படித்தான். பொதுவாச் சொல்றேன்.

மருமகள்: பொதுவா அப்படித்தான். எனக்கும் அதே எண்ணம்தான். பாறைக்குள்ள போறேன்.

பேக்கரிக்காரர்: இதுக்குள்ளயா? வழி எங்கம்மா இருக்கு?

மருமகள்: இருக்கு. எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிக்கறேன். நீங்க துடுப்பால ஆழம் பாருங்க.

பேக்கரிக்காரர்: இடுப்பு ஆழம். ...தொடை. ...முழங்கால். ...நிறுத்து நிறுத்து, பாறை...

அத்தை: என்ன சத்தம் அது?

அத்தை: பதினாறு.

அத்தை: பதினாறு, கரை பேசறேன். பதில் சொல்லு.

அத்தை: அம்மாடி... பதில் சொல்லும்மா. நீயாவது சொல்லு.

பேக்கரிக்காரர்: அக்கா, அக்கா... பாறையில தட்டிடுச்சு. இவ பின்னாடி போய் விழுந்துட்டா.

அத்தை: தண்ணியிலயா?

பேக்கரிக்காரர்: பாதி உள்ள, பாதி வெளிய. காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டேன். கயிறு பிடுங்கிக்கிட்டு எஞ்சின் நின்னுடுச்சு.

மருமகள்: எனக்கு ஒண்ணும் ஆகல. முதுகுல கொஞ்சம் அடி, அவ்வளவுதான்.

அத்தை: முதல்ல எஞ்சினைப் போட்டு வெளிய வா.

பேக்கரிக்காரர்: கயிறு இந்தாம்மா, மாட்டிட்டுப் போடு...

மருமகள்: இருங்க. போட வேண்டாம். யாரும் பேசாதீங்க.

அத்தை: என்ன?

மருமகள்: ஷ்...

அத்தை: ...

மருமகள்: விசில்.

பேக்கரிக்காரர்: எனக்குக் கேட்கலையே.

மருமகள்: எனக்குக் கேட்குது. எஞ்சின் ஓடியிருந்தா எனக்கும் கேட்டிருக்காது. துடுப்பைக் கொடுங்க. இடது பக்கம்... இன்னும் இடது...

பேக்கரிக்காரர்: இருக்கு. ஆள் இருக்கு. பாறையைக் கட்டிப் பிடிச்சுட்டு... கழுத்து வரைக்கும் தண்ணி. அக்கா, விசிலைக் கடிச்சுட்டே இருக்கார், வாயை விட்டு எடுக்க மாட்டேங்கறார்.

மருமகள்: நீங்க தோளைப் பிடிங்க. நான் இடுப்புப் பட்டையைப் பிடிக்கறேன். ஒண்ணு... ரெண்டு... இழுங்க.

மருமகள்: கரை. ஒரு ஆள். படகுக்குள்ள. மூச்சு இருக்கு. கண்ணைத் திறந்து பார்க்கறார்.

மருமகள்: கரை, கேட்குதா?

அத்தை: கேட்குது. பேனா கீழ விழுந்துடுச்சு... இரு. ...எடுத்துட்டேன். பேசறானா... பேசறாரா?

மருமகள்: பல்லு தந்தி அடிக்குது. பாதிதான் புரியுது. கேமரா பைக்குள்ள தண்ணி போகலையாம்.

அத்தை: கேமராவைக் கொண்டுபோய் உடைப்புல போடச் சொல்லு.

மருமகள்: சொல்லிட்டேன்.

அத்தை: அடி ஏதாவது?

மருமகள்: இடது மணிக்கட்டு வீங்கியிருக்கு. மத்தபடி முழுசா இருக்கார்.

அத்தை: முழுசாவா?

மருமகள்: முழுசா. தடவிப் பார்த்துட்டேன். ...அண்ணே, அவரைச் சேர்த்து அணைச்சுக்கிட்டு உட்காருங்க. உடம்பு சூடு ஏறணும்.

பேக்கரிக்காரர்: நானா? நீதானேம்மா...

மருமகள்: நான் ஓட்டணுமே அண்ணே. இறுக்கிப் பிடிங்க. நான் பார்த்துட்டேதான் ஓட்டுவேன். விட்டுடாதீங்க.

பேக்கரிக்காரர்: விடமாட்டேன்மா. அடுப்புல போட்ட ரொட்டி மாதிரி பார்த்துக்கறேன்.

அத்தை: மெதுவா வா.

மருமகள்: மெதுவாத்தான் வர்றேன்.

அத்தை: ...வீட்ல அவன் எழுந்திருப்பானா?

மருமகள்: எழுந்துட்டார் அத்தை. நல்லா எழுந்துட்டார்.

அத்தை: ரேடியோவுல அத்தை கிடையாது.

மருமகள்: சரி அத்தை.

...

பேக்கரிக்காரர்: கழுவித் துடைச்சாச்சுக்கா. அடியில விரல் நீளத்துக்கு ஒரு கீறல், காத்து இறங்கல. மத்தியானம் ஒட்டிடலாம். ஆத்தோரத்துக்காரங்க கண்டுபிடிக்கவே மாட்டாங்க.

அத்தை: கீறலையும் எழுதித்தான் கொடுக்கணும். உட்காரு. எழுதி முடிக்காம யாரும் கிளம்பக் கூடாது, தெரியும்ல.

மருமகள்: நீங்க வேணும்னா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாங்க அத்தை. நான் எழுதறேன்.

அத்தை: நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?

மருமகள்: தோள்பட்டை...

அத்தை: மாடு இழுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கு என்ன புதுசா? நீ போ. முதுகைக் காட்டிட்டு வா.

மருமகள்: எழுதிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

அத்தை: ...சேர்ந்தே போவோம். சரி, சொல்லு. புறப்பாடு இருநூத்திப் பன்னெண்டு. கிளம்பின நேரம் எட்டு நாற்பது. ஓட்டினது நீ, கூடப் போனது பேக்கரி தம்பி, கரையில நான். மீட்டது ஒரு ஆள். அப்போ மொத்தம் நூத்தி முப்பத்தஞ்சு.

பேக்கரிக்காரர்: ஒரு மாடு.

அத்தை: ஒரு மாடு. ...பேர் கேட்டியா?

மருமகள்: எஞ்சின் சத்தத்துல சரியாக் காதுல விழல.

அத்தை: தம்பி, நீ? படகுத்துறை வரைக்கும் மடியில வெச்சுட்டு வந்தியே, ஆள் யாருன்னு பார்த்திருப்பியே.

பேக்கரிக்காரர்: கண்ணாடி நனைஞ்சுடுச்சுக்கா.

அத்தை: பேரைக் காதாலதானே கேட்கணும்?

பேக்கரிக்காரர்: காதுலயும் தண்ணி.

அத்தை: அப்போ ஒண்ணு பண்ணலாம். பேர் தெரியலன்னு போட்டுட்டு, கடைசிக் கட்டத்துல வழக்கம் போல இல்லைன்னு எழுதிடலாம். புதன்கிழமை புஸ்தகம் போயிடும். தலைமை அலுவலகத்துல மாட்டைப் பார்த்துச் சிரிக்கறதோட சரி. யாரும் தோண்டிக் கேட்கப் போறதில்ல.

மருமகள்: போடலாம்.

அத்தை: புதுப் படகை முதல் தடவை தண்ணியில இறக்கப் போறவ நீ. எத்தனை நாளா அதையே சொல்லிட்டிருக்கே.

மருமகள்: ஆமா.

அத்தை: அப்போ எழுதிடவா?

மருமகள்: அத்தை... கால் போன அந்த அண்ணன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, பேர் தெரியல, உறவு இல்லைன்னு எழுதியிருந்தா இன்னிக்கு என் முழங்கால்ல கயிறு இருந்திருக்குமா? கயிறு இல்லேன்னா எஞ்சின் நின்னிருக்காது. அந்த விசில் எனக்குக் கேட்டிருக்காது.

அத்தை: ஆறு மாசம்மா. யோசிச்சுக்கோ.

மருமகள்: ஆறு மாசத்துல கடல் எங்கயும் ஓடிப் போயிடாது. பல் டாக்டர் ஓட்டட்டும். நான் கரையில நின்னு அவர் தப்பு பண்றப்போ எல்லாம் சிரிக்கறேன்.

பேக்கரிக்காரர்: அந்த ஆறு மாசத்துக்கு ரேடியோவை நான் பார்த்துக்கறேன். எனக்குத்தான் சொந்தம்னு யாரும் இல்லையே... அக்கா, முறைக்காதீங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அத்தை: புஸ்தகம் சுத்தமா இருக்கணும்னாங்க.

மருமகள்: பொய் எழுதினாத்தானே அத்தை அழுக்கு?

அத்தை: ...பேனாவால எழுதினா அழிக்க முடியாது.

மருமகள்: அழிக்க வேண்டாம்.

பேக்கரிக்காரர்: ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ அந்த ஆள் கேமராவை என் கையில திணிச்சார். முதல் பக்கத்துக்கான படம் இதுல இருக்கு, கொட்டகை நல்லா விழுந்திருக்குன்னார். துடுப்புப் படகுல படம் எடுக்கப் போறேன்னு அம்மாகிட்ட, பொண்டாட்டிகிட்ட, என்கிட்டன்னு மூணு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லிட்டுத்தான் போயிருக்கார். மூணு பேர்கிட்டயும் மத்தவங்களுக்குச் சொல்லாதேன்னு சத்தியம் வேற.

அத்தை: இந்தக் கட்டத்துல முதல் தடவையா உண்டுன்னு எழுதறேன். ...பேர் என்னன்னு எழுதட்டும்?

மருமகள்: நீங்க வெச்ச பேரையே எழுதுங்க அத்தை.